கடைசிக் கேள்வியை ரஸ்மிய்யா விடவில்லை

எங்கள் அரபு ஊரான மாதபாவில் இளவட்டங்களில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டவள் ரஸ்மிய்யா. அவளோடு கடைத்தெருவில் நடந்து போவது பெரிய இம்சை. மீசை முளைத்த ஆண்பிள்ளைகள் ஓடிவந்து, "சிஸ்டர், என்னை ஞாபகம் இருக்கா?" என்பார்கள். "முகம் ஞாபகம் இல்லப்பா, திரும்பி நில்லு, சொல்றேன்" என்பாள். தெரு சிரிக்கும். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.

நான் ஸுஹைலா. ரஸ்மிய்யா நர்ஸாக இருக்கும் அதே சுகாதார நிலையத்தில் பதிவு மேசையில் உட்காருபவள். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று எழுதுவது என் வேலை. எழுதியதை வெளியே சொல்லாமல் இருப்பதும் என் வேலை. இரண்டாவது வேலைக்குத்தான் சம்பளம் போதாது. ரஸ்மிய்யாவைப் பற்றிச் சொல்லலாம், அவள் நோயாளி அல்ல, என் தோழி. அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வரன் வராமல் இல்லை, அவள்தான் வேண்டாம் என்றாள். தம்பி ஹிலால் இறந்தபோது அவன் மகள் ரனீமுக்கு நாலு வயது. ஹிலாலின் மனைவி சின்னப் பெண். பிறகு ஸர்கா ஊரில் மறுமணம் செய்துகொண்டு போனாள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வழக்கப்படி பிள்ளை அப்பன் வீட்டோடு நின்றது. ரஸ்மிய்யா அதற்குச் சோறூட்டி, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தாள். வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் "குழந்தையை அண்ணன் வீட்டில் விடலாமே" என்றார்கள். ரஸ்மிய்யா அவர்களைத்தான் விட்டாள்.

ஹிலால் எப்படி இறந்தான் என்று கேட்டால் ஊரே ஒரே பதிலைச் சொல்லும். மாடித் தண்ணீர்த் தொட்டியில் பழுது பார்க்க ஏறினான், கால் வழுக்கியது, விதி. ரஸ்மிய்யாவின் அண்ணன் கலஃப் அப்படித்தான் சொன்னார், துக்கத்துக்கு வந்தவர்கள் கடுங்காபியோடு அதையும் சேர்த்து விழுங்கினார்கள். தொட்டியில் எந்தப் பழுதும் இல்லை என்று ரஸ்மிய்யாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இது இப்படி இருக்க, ஒரு வசந்தகாலத்தில் தலைநகர் அம்மானிலிருந்து டாக்டர் நௌஃபல் வந்து சேர்ந்தார். மனநல டாக்டர். மெலிந்த மனிதர், மெல்லப் பேசுவார், பிடித்த பிடியை விடமாட்டார். கையில் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். மனம் வாடியிருப்பவர்களைக் கண்டுபிடிக்க அது உதவுமாம். ஆங்கிலத்தில் பிறந்த சரக்கு, யாரோ படித்தவர்கள் அரபியில் ஆக்கியிருந்தார்கள். அதை எங்கள் மக்களுக்குப் பொருந்தும்படி செய்ய வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். ரஸ்மிய்யா கேட்பாள், நான் எழுதுவேன் என்று முடிவானது.

முதல் வீடு ரொட்டிக்காரர் வீடு. ரஸ்மிய்யா நிமிர்ந்து உட்கார்ந்து தாளில் இருந்தபடியே வாசித்தாள். "கடந்த இரு வாரங்களில், செயல்களில் நாட்டமும் இன்பமும் குன்றியதால் தாங்கள் அல்லலுற்றதுண்டா?"

ரொட்டிக்காரரின் மனைவி பதறிப்போனாள். "யாரும்மா செத்துப்போனாங்க? ரேடியோல செய்தி மாதிரி வாசிக்கிறியே!"

அன்றைக்கே ரஸ்மிய்யா தாளைக் கொண்டுபோய் டாக்டரின் மேசையில் வைத்தாள். "டாக்டர், இந்தக் கேள்வியைக் கேட்டா எனக்கே அல்லலுறுது. மனுஷங்க பேசற மாதிரி எழுதுவோமா?" என்றாள். டாக்டர் கோபப்படவில்லை. அப்போதே பேனாவைத் திறந்தார்.

கோடை முழுக்க அதே வேலைதான். "மனச்சோர்வு" என்றால் எங்கள் ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், "நெஞ்சு இறுகுது" என்பார்கள். அப்படியே எழுதிக்கொண்டோம். அடுத்த தொல்லை, எதைக் கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ்", இறைவனுக்கே புகழ் என்பது. தூக்கம் வருதா? அல்ஹம்துலில்லாஹ். பசிக்குதா? அல்ஹம்துலில்லாஹ். ஒரு பெண் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். குறை சொன்னால் படைத்தவனுக்கு நன்றி கெட்டதனம் ஆகிவிடுமே!

"இதை எந்தக் கட்டத்துல குறிச்சீங்க ஸுஹைலா?" என்று டாக்டர் கேட்டார்.

"இதுக்குக் கட்டமே இல்ல டாக்டர். தாளுக்கு வெளியிலதான் எழுதணும்."

கடைசியில் டாக்டரே வழி கண்டார். கேட்க ஆரம்பிக்கும் முன் நாங்களே மூன்று முறை அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிடுவது. "அவனுக்கு நன்றி சொல்லியாச்சு. இப்ப அவன் படைச்ச இந்த உடம்பு எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க" என்று தொடங்குவது. இது நன்றாகவே வேலை செய்தது.

கடைசிக் கேள்விதான் எங்கள் கழுத்தை அறுத்தது. இறந்துபோனால் நல்லது என்று தோன்றுகிறதா என்பது அந்தக் கேள்வி.

பள்ளிவாசல் சுவரோரம் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வெயில் காயும் கிழவர்களிடம் முதலில் கேட்டோம். ஹாஜி முத்லக் மார்பை நிமிர்த்தினார். "தோணாம? அஞ்சு வேளையும் தோணுது! என்னைப் புதைக்கச் சுத்தற கஃபன் துணியை மக்காவிலேயே வாங்கி ஸம்ஸம் புனிதத் தண்ணியில நனைச்சு வெச்சிருக்கேன், வந்து பாக்கிறியா?" உடனே அடுத்தவர், "நான் குழிக்கு இடமே பாத்து வெச்சிட்டேன்" என்றார். மூன்றாமவருக்குப் பொறுக்கவில்லை, "நான் தினமும் கபர்ஸ்தானுக்குப் போய் ஸலாம் சொல்லிட்டு வர்றேன், நீங்கள்லாம் பேச்சுதான்" என்றார். மரணத்தை நினைப்பது எங்களுக்குப் புண்ணியம், அதில் பின்வாங்க யாருக்கு மனம் வரும்? எல்லோருக்கும் உச்ச மதிப்பெண் விழுந்தது.

தாளைப் பார்த்த டாக்டருக்கு முகம் வெளுத்துப்போனது. "சிஸ்டர், இவங்களை உடனே ஆஸ்பத்திரில சேக்கணும்!"

"யாரை, ஹாஜி முத்லக்கையா? அவரு முந்தாநேத்துதான் மூணாவது கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கச் சொன்னாரு."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த நாள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஒரு இளம்பெண்ணின் வீட்டுக்குப் போனோம். யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கன்னம் ஒட்டி, கண்ணில் ஒன்றுமே இல்லாமல் இருந்தாள். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். "அவூது பில்லாஹ், அல்லாஹ் காப்பாத்தணும்! அது ஹராம், பெரிய பாவம் அக்கா. அப்படியெல்லாம் நினைப்பேனா?" என்றாள். நான் 'இல்லை' என்று குறித்தேன். வெளியே வந்ததும் ரஸ்மிய்யா நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அவ பொய் சொல்றாடி" என்றாள்.

"தெரியுது. என்ன பண்றது?"

அவள் அந்த வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தாள். ஹிலாலைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்லா இருக்கிறவங்க ஆமாங்கிறாங்க. ஆபத்துல இருக்கிறவங்க இல்லங்கிறாங்க. இப்படித் தலைகீழாப் பதில் வந்தா அந்தக் கேள்வி இருந்து என்ன பிரயோஜனம் சிஸ்டர்? கேள்வித்தாளை முடிவு பண்ற அம்மான் குழுவும் எடுத்துடலாம்னுதான் சொல்லுது. ஆலிவ் பறிப்பு முடிஞ்சதும் கூட்டம். அங்க முடிவு பண்ணிடுவாங்க."

"எடுக்கக் கூடாது" என்றாள் ரஸ்மிய்யா.

"ஏன்?"

"கூடாது, அவ்வளவுதான்."

அவள் ஏன் சொல்லவில்லை என்றால், அந்த மாதம்தான் கல்யாண வயதுக்கு வந்துவிட்ட ரனீமைப் பெண் கேட்டு வரப்போகிறார்கள். மாப்பிள்ளை லைத், பொறியாளன். அவன் அப்பா அபூ லைத் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல குடும்பம். ரனீமுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவன் பெயரைச் சொன்னால் போதும், உப்பை டீயில் போடுவாள். எங்கள் பக்கம் பெண் எடுக்கும் முன் குடும்பத்தில் பைத்தியம் உண்டா, வலிப்பு உண்டா என்று ஏழு தலைமுறையைக் கிளறுவார்கள். தன் உயிரைத் தானே மாய்த்தவனின் மகள் என்று தெரிந்தால் யார் வாசல்படி மிதிப்பார்கள்? கலஃப் தங்கையிடம் வந்து விரலை ஆட்டிவிட்டுப் போனார். "கேள்வி கேக்கிற வேலைன்னு ஊரெல்லாம் சுத்தறியே, நம்ம வீட்டுப் பேச்சு எங்கயாவது வாய் தவறிச்சு, அந்தப் பொண்ணோட வாழ்க்கையை நீதான் புதைச்சேன்னு ஆகும்."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரிய மனிதர்கள், அங்கி தோளில் புரள வரிசையாக உட்கார்ந்தார்கள். காபி ஊற்றினார்கள். வந்தவர்களில் மூத்தவர் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்தார். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கேட்டு வந்ததைக் கொடுத்தால்தான் காபி, இல்லாவிட்டால் ஆறி அவலாகட்டும். குடிக்காத கிண்ணத்தோடு விருந்தாளி எழுந்து போனால் வீட்டுக்காரனுக்கு அதைவிட அவமானம் இல்லை. கலஃப் கொஞ்சம் செருமிவிட்டு, "காபியைக் குடிங்க, கேட்டு வந்தது கிடைச்சாச்சு" என்றார். சம்மதத்துக்கு அடையாளமாக ஃபாத்திஹா ஓதினார்கள். ஆலிவ் எண்ணெய் ஆட்டி முடித்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். பெண்கள் பக்கம் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

ரஸ்மிய்யா குலவை இடவில்லை. கதவிடுக்கு வழியாக அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தொடையைக் கிள்ளினாள்.

"ஏண்டி, பாத்தியா? அண்ணனால இல்லைன்னு சொல்ல முடியல பாத்தியா?"

"அதுக்கென்ன?"

"நாம போற வீட்லயும் காபி குடுக்கறாங்கள்ல?"

நான் அப்போதே நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே சோதித்துப் பார்த்துவிட்டாள். ஆள் ஒரு தையல்காரர், முதுகு வலி என்று மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர். கேள்விகள் எல்லாம் முடிந்தன. கடைசிக் கேள்விக்கு முன் ரஸ்மிய்யா காபிக் கிண்ணத்தை அப்படியே முன்னால் வைத்தாள். "அண்ணே, எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு" என்றாள்.

அந்த மனிதர் துள்ளி எழுந்தார். "குடிம்மா, குடி! என்ன வேணும்னாலும் கிடைச்சாச்சு!" என்று கத்தினார். உள்ளே இருந்து அவர் மனைவி ஒரு சத்தம் போட்டாள். பாத்திரங்கள் உருண்டன. ஐந்து நிமிஷத்தில் தலை சீவி, கண்ணுக்கு மை இட்டு, கையில் குனாஃபா இனிப்புத் தட்டோடு அவர்களுடைய மூத்த பெண் வந்து எங்கள் முன் நின்றாள். ரஸ்மிய்யா தன் அண்ணன் மகனுக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்! கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. குனாஃபா மட்டும் அருமையாக இருந்தது. அந்த வீட்டம்மாள் எங்களோடு ரம்ஜான் வரை பேசவில்லை.

டாக்டர் இதைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "இது நியாயமில்லை சிஸ்டர். மானத்தை வெச்சு மடக்கிப் பதில் வாங்கறது வைத்தியமா? நோயாளிக்கு முடியாதுன்னு சொல்ல உரிமை இருக்கணும்."

"மடக்காம கேட்டா பொய் சொல்றாங்களே டாக்டர்?"

"பொய் சொல்லக் காரணம் இருக்கு. பாவம்னு பயம். அந்தப் பயத்தை எடுக்காம கிண்ணத்தை மட்டும் வெச்சு என்ன பண்ண?"

இருவரும் சண்டை போட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்தேன். உண்மையைச் சொன்னால் இருவர் பேச்சிலும் பாதிப் பாதி சரி. கடைசியில் ஒரு வழி பிறந்தது. டாக்டர் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். முதலில், மரணத்தை நினைப்பது நல்லவர்களின் வழக்கம், அதைக் கேட்க வரவில்லை என்று சொல்லிவிடுவது. பிறகு, பொழுது விடிவதே பாரமாகி, இனி இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா, அது பாவமல்ல, நோய், நெஞ்சு வலி மாதிரி ஒரு வலி, அதைச் சொல்லலாம் என்பது. கிண்ணத்தை வைக்கலாம், ஆனால் எதற்கு வைக்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். "குடி, ஆனா இன்னைக்கு வேணாம்" என்று நோயாளி சொன்னால் குடித்துவிட்டு எழுந்து வர வேண்டும். மாமியாரோ கணவனோ பக்கத்தில் இருந்தால் கேட்கவே கூடாது. இதற்கு ரஸ்மிய்யா ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது. வெறும் கையோடு எழுந்து வருவது அவளுக்குப் பழக்கமில்லையே.

அந்தக் கன்னம் ஒட்டிய பெண்ணிடம் மறுபடி போனோம். மாமியாரை நான் சமையலறைக்கு இழுத்துப் போய் ஊறுகாய்ப் பக்குவம் கேட்டேன். திரும்பி வந்தபோது அவள் ரஸ்மிய்யாவின் தோளில் சாய்ந்திருந்தாள். காபிக் கிண்ணம் காலியாக இருந்தது. ரஸ்மிய்யா கண்ணால் காட்டினாள். நான் 'ஆமாம்' என்று குறித்தேன். மறுநாள் டாக்டர் அவளைப் பார்த்தார். இன்றைக்கு அவள் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது, கணவனோடு சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசுகிறாள். தூரத்தில் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால் ஒருத்தியை வைத்து அம்மான் குழு மசியுமா? எங்கள் நிலையத்திலேயே நடந்த கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தலைவி ஒரு பேராசிரியை, கண்ணாடி போட்ட நிதானமான அம்மாள். டாக்டர் நௌஃபல் எங்கள் வேலையை எல்லாம் விளக்கினார், கடைசிக் கேள்வி இருக்கட்டும் என்றார். அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். "நல்ல முயற்சி. ஆனா வீட்டுக்குள்ள போய் இதைக் கேட்டா குடும்பங்கள் சண்டைக்கு வரும். மத்த கேள்விகளையும் கேக்க விடமாட்டாங்க. நான் பதிவுகளைப் பாத்தேன் டாக்டர். மாதபால இத்தனை வருஷத்துல அப்படி ஒரு சாவுகூடப் பதிவாகல. இல்லாத நோய்க்கு எதுக்குக் கேள்வி?"

அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அருகில் ரஸ்மிய்யா உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். நான் மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், வேண்டாம் என்று. சத்தியமாக, வேண்டாம் என்றுதான் பிடித்தேன். ரனீமின் கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அவள் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"மேடம், ஒரு சாவு பதிவாகாம இருக்கு. என் தம்பி ஹிலால். மாடியிலேர்ந்து வழுக்கி விழுந்தான்னு எழுதியிருப்பீங்க. அவன் வழுக்கல. ஆறு மாசமா ராத்திரி தூங்காம இருந்தான், சாப்பாட்டைத் தள்ளினான், பிள்ளையைத் தூக்கறதை நிறுத்தினான். நான் நர்ஸு. ஊருக்கெல்லாம் காய்ச்சல் பாக்கிறவ. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேக்கக் கூடாத கேள்வின்னு நினைச்சேன். நாங்க பதிவு பண்ணாததால நோய் இல்லைன்னு நீங்க நினைக்கிறீங்க. நோய் இருக்கு மேடம். எங்க வீட்ல இருந்துச்சு."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டாள். பிறகு, "கேள்வி இருக்கட்டும்" என்றாள். "எப்படிக் கேட்டீங்களோ அதையும் சேத்து எழுதி அனுப்புங்க."

எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்தவனுக்கும் காது இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாங்கள் வீடு போய்ச் சேரும் முன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

கலஃப் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் சொன்னதை எல்லாம் இங்கே எழுதவில்லை, அவருக்கும் ஹிலால் தம்பிதான். பேசப் பேசக் குரல் உடைந்து, கடைசியில் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே ரனீம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத் துணிகள் இன்னும் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தன. அவள் அழவில்லை.

"அத்தை, அப்பா என்னை விட்டுட்டுப் போனாரா?"

ரஸ்மிய்யா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "இல்லடா கண்ணு. உன்னை விட்டுட்டு அவன் கடைக்குக்கூடப் போனதில்ல. நோய் அவனைக் கொண்டுபோச்சு. எங்களுக்கு அது நோய்னு தெரியல."

"லைத் வீட்ல நிறுத்திடுவாங்கள்ல?"

"நிறுத்தினா என்மேல கோபப்படு. எவ்வளவு வேணும்னாலும் படு. ஆனா நான் சொன்னது தப்புன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

ரனீம் குனிந்து அத்தையின் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், மூக்கைச் சிந்தக் கைக்குட்டைகூட இல்லாமல்.

மூன்று நாள் லைத்தின் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. லைத்தின் தொலைபேசிகூட அமைதியாகிவிட்டது. நான்காம் நாள் அவன் அம்மா உம்மு லைத் தனியாக வந்தாள். பரிசாகக் கொடுத்த நகையைத் திருப்பிக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தோம். ரனீம் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தே விட்டாள். உம்மு லைத் உட்காரக்கூட இல்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீங்க கூட்டத்துல சொன்னது உண்மையா?" என்று ரஸ்மிய்யாவிடம் கேட்டாள்.

"உண்மைதான்."

"தூங்காம இருந்தார்னு சொன்னீங்களாமே. சாப்பாட்டைத் தள்ளினார்னு."

"ஆமா."

"பேரப்பிள்ளைகளைத் தூக்கறதை நிறுத்திட்டாலும் அதானா?"

ரஸ்மிய்யா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். உம்மு லைத் நகைப் பெட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினாள். "கல்யாணத்தைப் பத்திப் பேச நான் வரல அக்கா, அது நடக்கும், அது எங்க போகப்போகுது. நீங்க எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க? அவருகிட்ட எப்ப கேப்பீங்க?"

ரஸ்மிய்யா செருப்பை மாட்டிக்கொண்டாள். "இப்பவே" என்றாள்.

அங்கே நடந்ததை நான் சொல்வதற்குக் காரணம், அபூ லைத் தானே அதை எல்லோரிடமும் சொல்கிறார். மகன் கல்யாணத்தில் மன்ஸஃப் கறிச்சோறு பரிமாறும்போதுகூட நாலு பேரைப் பிடித்து வைத்துச் சொன்னார். இல்லாவிட்டால் என் வாயிலிருந்து ஒரு எழுத்து வராது.

அவர் வரவேற்பறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத தாடி. எங்களைக் கண்டதும் எழுந்து நின்று வரவேற்றார், பழைய ராணுவக்காரர், மரியாதை மட்டும் குறையவில்லை. உம்மு லைத் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படிக்குப் போனாள். ரஸ்மிய்யா முதல் கேள்விகளைக் கேட்டாள். அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார், வருகைப் பதிவில் ஆஜர் சொல்வதைப் போல. பிறகு அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அபூ லைத், நான் ஏன் இதைக் குடிக்காம வெச்சேன்னு சொல்றேன். ஒண்ணு கேக்கப்போறேன். சொல்லப் பிடிக்கலேன்னா, குடின்னு மட்டும் சொல்லுங்க, குடிச்சிட்டுப் போயிடுவேன். நாளைக்கு வருவேன். மரணத்தை நினைக்கிறீங்களான்னு கேக்கல, அதை நல்லவங்க எல்லாரும் நினைக்கிறாங்க. விடிஞ்சா பாரமா இருந்து, இனி இருக்க வேணாம்னு தோணுதா? அது பாவமில்ல. என் தம்பிக்கும் தோணுச்சு."

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். நான் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஓய்வு பெற்ற நாள்லேர்ந்து" என்றார் அபூ லைத். "யாராவது கேட்டா இல்லைன்னு சொல்லணும்னு தயாரா இருந்தேம்மா. ஒருத்தரும் கேக்கல."

எழுந்து உள்ளே போனார். இரும்பு அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் எங்களைத் தாண்டி வாசற்படிக்குப் போய், துப்பாக்கி இருக்கும் அந்த அலமாரியின் சாவியை மனைவியின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினார்.

"இனி இதை நீயே வெச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காதே."

உம்மு லைத் சாவியைப் பிடித்த கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரஸ்மிய்யா என்னிடம், காலையில் டாக்டரைப் பார்க்க அவருக்கு முதல் இடம் எழுதச் சொன்னாள். எழுதினேன். அந்தப் பக்கம் முழுக்க என் கையெழுத்து கோணலாக இருக்கிறது.